பட்டில் மை நிலக்காட்சி: சட்டம் கட்டுவதிலிருந்து முத்திரை வரை

காகிதத்தில் சுமி என்னும் ஜப்பானிய மை பழகிக் கை படிந்தவர்கள்தான் பெரும்பாலும் பட்டுக்கு வருகிறார்கள். முதல் நாளே தடுமாறுவதும் அவர்கள்தான். காகிதம் மையைக் குடிக்கும். தூரிகை பட்ட இடத்தில் மை உள்ளே இறங்கி, ஓரம் கசிந்து, கேட்காமலே ஒரு மென்மை வந்துவிடும். பட்டு குடிக்காது. பசைநீர் பூசிய பட்டின் மேல் மை அப்படியே உட்கார்ந்திருக்கும். மென்மை வேண்டுமென்றால் நாம்தான் கையால் உண்டாக்க வேண்டும். இந்த ஒரு வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொண்டால், கீழே வரும் ஒவ்வொரு படியும் ஏன் அந்த வரிசையில் இருக்கிறது என்பது விளங்கும்.

நான் கியோட்டோவில் ஓர் ஆசிரியையிடம் கற்றேன். இப்போது அதே கூடத்தில் புதிதாக வருபவர்களுக்கு உதவியாக இருக்கிறேன். பிழைகளில் பெரும்பகுதி தூரிகையைத் தொடும் முன்பே நடந்து முடிந்துவிடுகிறது என்பதை அங்கே திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். அதனால் இந்த வழிகாட்டியில் ஏறக்குறைய பாதி, மை அரைப்பதற்கு முந்தைய வேலைகளைப் பற்றியது. பொறுமையாகப் படியுங்கள்.

எடுத்துக்கொண்ட அளவு 45 செ.மீ. அகலம், 60 செ.மீ. உயரம். காட்சி எளிமையானது: மேலே தூரத்து மலைகள், நடுவே மூடுபனி, கீழே பாறையும் இரண்டு மூன்று பைன் மரங்களும். முத்திரை வரை, காய வைக்கும் நாட்களையும் சேர்த்து இரண்டு வாரம் ஒதுக்குங்கள்; அதன்பின் பின்தாள் ஒட்டும்வரை காத்திருப்பது தனி.

1. பார்த்துப் பழக வேண்டிய மாதிரி

புதியவர்கள் கையில் கொண்டுவரும் படங்கள் எப்போதும் இரண்டுதான். ஒன்று 1495இல் செஷ்ஷு வரைந்த சிதறல் மை நிலக்காட்சி, மற்றொன்று ஹசெகாவா தோஹாகுவின் பைன் மரங்கள். இரண்டும் காகிதத்தில் வரைந்தவை. அந்த வேகமான கோடும், ஒரே வீச்சில் ஊறிப் பரவும் மையும் பட்டில் வராது. அவற்றை நகலெடுக்க முயன்று, "எனக்குக் கை வரவில்லை" என்று மனம் உடைந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். கையில் குறையில்லை, மாதிரிதான் தவறு.

பட்டுக்கு யோகோயாமா தைக்கானின் 1923ஆம் ஆண்டுச் சுருள் ஓவியத்தைப் பாருங்கள். 40 மீட்டர் நீளம், முழுக்கப் பட்டில் மை. ஒரு நீர்த்துளி ஆறாகிக் கடலாகும் பயணம் அது. மலைக்கும் பனிக்கும் நடுவே எங்கேயும் ஒரு ஓரக்கோடு தெரியாமல் சாயல் மாறுவதைக் கவனியுங்கள். பட்டு நமக்குத் தருவது அதைத்தான்.

2. முன்கூட்டியே சேர்த்து வைக்க வேண்டியவை

பட்டு: எகினு என்று கேட்டு வாங்குங்கள். ஓவியத்துக்கென்றே நெய்யும் கச்சாப் பட்டு இது. நூலிலிருந்து புழுவின் இயற்கைக் கோந்தை நீக்காமலே நெய்வதால் விறைப்பாக, கண்ணாடி போல ஊடு தெரியும்படி இருக்கும். அடர்த்தியிலும் கனத்திலும் பல வகை உண்டு. தொடக்கத்துக்கு நடுத்தரக் கனம் போதும். மிக மெல்லியது கையாளும்போதே சுளித்துக்கொள்ளும்.

ஊரிலிருந்து எழுதுபவர்கள் காஞ்சிபுரம் பட்டு ஆகுமா என்று கேட்கிறார்கள். ஆகாது. சேலைப் பட்டு நூலைக் கோந்து போக வேகவைத்து, முறுக்கேற்றி, சாயம் தோய்த்து, அடர்த்தியாக நெய்கிறார்கள். அடியில் வைத்த வரைவு அதில் தெரியாது, மையும் நூல் புரிக்குள் ஒளிந்துகொள்ளும். பயிற்சிக்கு வேண்டுமானால் சாயமிடாத பட்டு ஆர்கன்சாவை எடுத்துக்கொள்ளலாம். அதில் கோந்து நீங்காமல் இருக்கும். நூல் முறுக்கு அதிகம் என்பதால் கோடு சற்றுச் சொரசொரக்கும், ஆனால் சாயல் பரப்பப் பழகிக்கொள்ளலாம்.

மை: குச்சி மைதான், புட்டி மை வேண்டாம். புட்டியில் வருவதில் சிலவற்றில் செயற்கைப் பிசின் இருக்கும். பட்டின் மேல் அது மினுங்கும், அடுக்கின் மேல் அடுக்கு ஏறாது. சிலது எல்லாம் முடிந்து பின்தாள் (ஓவியத்தின் முதுகில் தாங்கலாக ஒட்டும் தாள்) ஒட்டும் நாளில் ஈரம் பட்டுக் கசியும். ஜப்பானில் சுமி பெரும்பாலும் நாரா நகரில் செய்யப்படுகிறது. எண்ணெய் விளக்கின் கரியில் செய்த யுஎன்போகுவுக்குப் பழுப்புச் சாயல் உண்டு. பைன் கட்டையின் புகைக்கரியில் செய்த ஷோஎன்போகுவை நீர்க்கவிட்டால் நீலம் ஓடும். இரண்டிலும் ஒவ்வொரு குச்சி வைத்துக்கொள்ளுங்கள். தூரத்துக்கு நீலச் சாயல், அருகுக்குப் பழுப்புச் சாயல் என்று பிரித்தாலே பாதி ஆழம் வந்துவிடும்.

தூரிகைகள்: மெல்லிய கோட்டுக்கு மென்சோ, நடுத்தர வேலைக்கு ட்சுகெதாதே, சாயல் இழுக்கக் குமாதோரி இரண்டு. தட்டைத் தூரிகை, அதாவது ஹாகே, மூன்று வேண்டும்: பசைநீருக்கு ஒன்று, தண்ணீருக்கு ஒன்று, எப்போதும் உலர்ந்தே இருக்க ஒன்று. மூன்றின் பிடியிலும் அடையாளம் போட்டுவிடுங்கள். பசைநீர் ஹாகேயை எவ்வளவு கழுவினாலும் கொஞ்சம் பசை தங்கும். அதே ஹாகேயால் பின்னர் நீர் பூசினால் பட்டில் திட்டுத் திட்டாக மை ஒட்டாது போகும்.

இவற்றுடன் மரச்சட்டம், கோதுமை மாவுப் பசை, நிகாவா என்னும் விலங்குப் பசை (நம் தச்சர்கள் வச்சிரம் என்பார்களே, அதன் தூய வடிவம்), படிகாரம், வெள்ளைப் பீங்கான் தட்டுகள் ஐந்தாறு, மை அரைக்கும் கல், உறிஞ்சுதாள்.

3. முழு அளவு வரைவு

சட்டம் கட்டும் முன்பே வரைவு முடிந்திருக்க வேண்டும். பட்டில் கரிக்கோலும் பென்சிலும் ஆகாது. நூலிடுக்கில் புகுந்த கரித்தூள் எந்த அழிப்பானுக்கும் வராது. யோசனை, அழித்தல், திருத்தல் எல்லாவற்றையும் காகிதத்திலேயே முடித்துவிடுங்கள்.

முதலில் உள்ளங்கை அளவில் நான்கைந்து சிறு வரைவுகள் போடுங்கள். இங்கே தீர்மானிக்க வேண்டியது மலையின் வடிவம் அல்ல, எதை வரையாமல் விடப்போகிறோம் என்பதே. பட்டில் வெள்ளை நிறம் பூசப்போவதில்லை. பனியும் நீரும் ஒளியும் வெறும் பட்டுதான். அந்த இடங்களைச் சிவப்புப் பென்சிலால் சுற்றி வளைத்துக் குறியுங்கள்.

பிறகு முழு அளவில், தெளிவான கருங்கோட்டில் ஒரு வரைவு. எகினு ஊடு தெரியும் என்பதால், இதைப் பட்டுக்கு அடியில் வைத்தால் கோடுகள் மேலே தெரியும். பட்டின் மேல் ஒரு அடையாளக் கோடுகூட இடத் தேவையிருக்காது.

4. சட்டத்தில் பட்டை ஏற்றுதல்

சட்டம் காய்ந்த தேவதாரு போன்ற லேசான மரத்தில், ஓவியத்தைவிட எல்லாப் பக்கமும் 4, 5 செ.மீ. பெரிதாக இருக்கட்டும். உள்விளிம்பு சரிவாகச் செதுக்கியிருக்க வேண்டும். தட்டையாக இருந்தால் ஈரப்பட்டு அதில் ஒட்டி, ஓவியத்தைச் சுற்றி ஒரு கறைக்கோடு விழும். புது மரமென்றால் மேற்பரப்பில் நீர்த்த பசையை ஒருமுறை தடவிக் காயவிடுங்கள். மரத்தின் சாறு பட்டில் ஏறாமல் அது தடுக்கும்.

பட்டின் பாவு நூல் மேலிருந்து கீழாக ஓடும்படி வைத்து வெட்டுங்கள். தொங்கும் சுருளாகப் பின்னால் ஏற்றும்போது எடையைத் தாங்குவது பாவுதான்.

பசையைச் சட்டத்தில்தான் தடவ வேண்டும், பட்டில் அல்ல. முதலில் மேல் பக்கம். ஊடை நூல் ஒன்றைக் கண்ணால் பிடித்துக்கொண்டு, அது சட்டத்தின் ஓரத்துக்கு இணையாக ஓடுகிறதா என்று பார்த்து ஒட்டுங்கள். பிறகு கீழ்ப் பக்கத்தை மெல்ல இழுத்து ஒட்டுங்கள். கடைசியாக இரு ஓரங்கள், நடுவிலிருந்து மூலைகளை நோக்கி. மூலையிலிருந்து தொடங்கினால் மிஞ்சும் தொய்வு நடுவில் வந்து சேரும். அதை எடுக்க வழியில்லை.

எவ்வளவு இறுக்கம்? இங்கேதான் ஏறக்குறைய எல்லாரும் தவறுகிறார்கள். முரசு மாதிரி இழுத்துக் கட்டிவிடுகிறார்கள். கச்சாப் பட்டு நனைந்தால் தொய்யும், காயும்போது கட்டியதைவிட அதிகமாக இறுகும். உலர்ந்தபோதே உச்சத்துக்கு இழுத்துவிட்டால், முதல் பசைநீர் காயும் இரவில் சட்டம் வளையும், அல்லது ஓரம் பிய்த்துக்கொள்ளும். சுருக்கம் இல்லாமல், விரலால் அழுத்தினால் சற்றே அமுங்கும் அளவு போதும். மீதி இறுக்கத்தைப் பட்டு தானே தேடிக்கொள்ளும்.

பசை ஓர் இரவு காயட்டும். மறுநாள் தண்ணீர் ஹாகேயை வெதுவெதுப்பான நீரில் தோய்த்து முழுப் பரப்பையும் ஒருமுறை துடைப்பதுபோல் பூசிக் காயவிடுங்கள். நெசவின்போது படிந்த தூசியும் கையெண்ணெயும் போகும். கோணல் ஏதும் இருந்தால் அதுவும் இப்போதே தெரிந்துவிடும்.

5. டோசா: பசைநீர் பூசுதல்

ஓவியத்தின் தலைவிதி இந்தப் படியில் எழுதப்படுகிறது. டோசா என்பது நிகாவாவும் படிகாரமும் கலந்த நீர். நிகாவா நூலிடுக்குகளை மெல்லிய படலமாக அடைக்கும். படிகாரம் அந்தப் படலம் மறுபடி நீரில் கரையாதபடி கெட்டிப்படுத்தும். இது இல்லையென்றால் மை நூல்வழியே ஓடிவிடும்.

இந்த அளவுக்கு நான் எடுப்பது: நீர் அரை லிட்டர், நிகாவா 6 கிராம், படிகாரம் 2 கிராம். பாதிக்கு மேல் மிஞ்சும், பரவாயில்லை. குறைவாகக் கலந்தால் கிராமில் வரும் சிறு பிழையும் பெரிதாகிவிடும். காகிதத்துக்கு எழுதிய அளவுகளை அப்படியே பட்டுக்குக் கொண்டுவராதீர்கள், அவை கடுமையாக இருக்கும்.

நிகாவாவை நீரில் முதல்நாள் இரவே ஊறப் போடுங்கள். ஊறாததைச் சூடாக்கினால் வெளிப்புறம் கரைந்து உள்ளே கட்டி நிற்கும். மறுநாள், கொதிநீர்ப் பாத்திரத்துக்குள் இன்னொரு பாத்திரத்தை வைத்து, 60, 70 டிகிரிக்கு மேல் போகாமல் கரைக்க வேண்டும். நேரடித் தீ வேண்டாம். கொதித்துவிட்டால் பசையின் பிடிப்பே போய்விடும், பார்வைக்கு மட்டும் நன்றாக இருக்கும். படிகாரத்தைத் தனியே கொஞ்சம் வெந்நீரில் கரைத்து, பசைநீர் சற்று ஆறியபின் கலக்கிக்கொண்டே விடுங்கள். இரண்டும் சூடாக இருக்கும்போது ஊற்றினால் திரிதிரியாகத் திரண்டுவிடும். மெல்லிய துணியில் வடிகட்டுங்கள்.

படிகாரம் கொஞ்சம் கூடினால் என்ன என்று கேட்பார்கள். இரண்டு கெடுதல். காய்ந்ததும் பட்டில் மணல் தூவியதுபோல் பளபளக்கும் படிகங்கள் தெரியும். நாள் போகப்போக அதன் புளிப்புத்தன்மை பட்டை அரித்துப் பழுப்பாக்கும், பட்டு மடிந்த இடத்தில் ஒடியும். இரண்டாவது கெடுதல் நம் கண்ணுக்குத் தெரியாது. ஓவியத்தை வைத்துக் காப்பவர்களுக்குத்தான் தெரியும்.

வெதுவெதுப்பாக இருக்கும்போது பூசுங்கள். ஹாகேயை நனைத்து, பாத்திர விளிம்பில் வழித்து, இடமிருந்து வலமாக ஒரே சீராக. ஒவ்வொரு பட்டையும் முந்தையதன் மேல் சற்று ஏறட்டும். குமிழி வந்தால் உடனே ஹாகே நுனியால் உடைத்துவிடுங்கள், காய்ந்தபின் அது வட்டத் தழும்பாக நிற்கும். ஒரு பூச்சு முன்பக்கம், ஒன்று பின்பக்கம், மறுபடி ஒன்று முன்பக்கம். பின்பக்கமும் அவசியம், ஏனென்றால் 9ஆம் படியில் பின்னாலிருந்தும் மை பூசப்போகிறோம்.

ஒவ்வொரு பூச்சுக்கும் நடுவே முழுவதும் காய வேண்டும். "முழுவதும்" என்ற சொல்லில்தான் என் முதல் பட்டு வீணானது. ஜூன் மாத மழைக்காலம், ட்சுயு என்பார்கள். சுவரே வியர்க்கும் நாட்கள். மதியம் முதல் பூச்சு, பார்வைக்குக் காய்ந்திருந்தது, மாலையே இரண்டாவதைப் பூசிவிட்டேன். ஒரு வாரம் கழித்துத் தூரத்து மலைக்குச் சாயல் விட்டபோது, மலை முழுக்க அம்மைத் தழும்பு போல வெளிறிய புள்ளிகள். சென்செய், அதாவது என் ஆசிரியை, ஒன்றும் பேசவில்லை. புதிதாக டோசா பூசிய இன்னொரு சட்டத்தை எடுத்து வந்து, என் புறங்கையைப் பிடித்து அதன் மேல் வைத்தார். சில்லென்றிருந்தது. பார்த்தால் காய்ந்த பட்டு. "சில்லென்று இருக்கும்வரை தண்ணீர் இன்னும் போய்க்கொண்டிருக்கிறது" என்றார். இன்றுவரை கண்ணை நம்புவதில்லை, புறங்கையைத்தான் நம்புகிறேன். வானம் தெளிந்த நாளில், ஒரு நாளைக்கு ஒரு பூச்சு.

சோதனை: ஓவியத்துக்கு வெளியே உள்ள ஓரத்தில் மென்சோவால் ஒரு மெல்லிய கோடு இழுங்கள். கோட்டுக்கு நூல்வழியே மீசை முளைத்தால் பசை போதவில்லை, இன்னொரு பூச்சு கொடுங்கள். மை தாமரை இலைத் தண்ணீராக உருண்டு திரண்டால் பசை அதிகம். வெந்நீரில் தோய்த்த ஹாகேயால் இரண்டு முறை பூசித் துடைத்தால் ஓரளவு தணியும். கோடு கூர்மையாக, ஆனால் பட்டோடு ஒட்டி நின்றால் சரி. பின்னால் சாயல்களைச் சோதிக்கவும் இந்த ஓரம் உதவும், நிரப்பிவிடாதீர்கள்.

6. மை அரைத்துத் தட்டுகளில் பிரித்தல்

கல்லின் மேட்டில் ஐந்தாறு சொட்டு நீர் விட்டு, குச்சியின் எடையே அழுத்தமாக இருக்கும்படி வட்டமாக அரையுங்கள். அழுத்தி அரைத்தால் கரித்துகள் பருமனாக உதிரும். காகிதத்தில் அது தெரியாது. பட்டில் வெளிறிய சாயல் விடும்போது ஒவ்வொரு துகளும் எள்ளாக நிற்கும். மை கெட்டியானதும் பள்ளத்துக்குத் தள்ளிவிட்டு மறுபடி நீர் விடுங்கள். பத்துப் பதினைந்து நிமிடம் ஆகும்.

நான்கு தட்டுகள் வையுங்கள். தட்டில் முதலில் நீர், அதில் மை. மையில் நீர் ஊற்றினால் எவ்வளவு நீர்த்தது என்று கணக்குத் தெரியாது. மிக வெளிறிய இரண்டு தட்டுகளில் மெல்லிய நிகாவாக் கரைசல் ஓரிரு சொட்டு சேர்க்க வேண்டும். மையில் இருக்கும் பசையும் நீரோடு சேர்ந்து நீர்த்துப்போகிறது. அப்புறம் கரியைப் பட்டில் பிடித்து வைக்க எதுவும் இருக்காது, அடுத்த அடுக்கு பூசும்போது கிளம்பி வந்துவிடும். இது பலருக்குத் தெரியாத காரணத்தால், "மூன்றாவது அடுக்கில் எல்லாம் கலங்குகிறது" என்று வந்து நிற்பார்கள். கலந்த தட்டைச் சில நிமிடம் அசைக்காமல் விட்டு, மேல் நீரை மட்டும் தூரிகையில் எடுங்கள்.

நேற்றைய மை வேண்டாம். அதில் பசை கெட்டுக் கரி திரண்டிருக்கும். காகிதத்தில் அந்தத் திரளையே அழகாகப் பயன்படுத்துபவர்கள் உண்டு. பட்டில் அது பின்தாள் ஒட்டும்போது கரைந்து ஓடும்.

7. பனியும் தூரமும்: நீர்த் தூரிகையும் உலர் தூரிகையும்

வரைவை ஒரு பலகையில் ஒட்டி, சட்டத்துக்கு அடியில் வையுங்கள். பட்டைத் தொடக்கூடாது, ஒரு விரல் இடைவெளி இருக்கட்டும். மலைகளின் இடம் மனத்தில் பதிந்ததும், நீர் பூசும் முன் வரைவை உருவி எடுத்துவிடுங்கள். நனைந்த பட்டு தொய்ந்து காகிதத்தைத் தொட்டால், தொட்ட இடத்துக்கு மையெல்லாம் ஓடிச் சேர்ந்து கருந்திட்டாகும்.

வரிசை: வெளிறியது முதலில், கருமை கடைசியில், தூரம் முதலில், அருகு கடைசியில். கருங்கோட்டை முதலில் போட்டுவிட்டு அதன் மேல் நீர் பூசினால் கோடு அழுது வடியும். தவிர, கருமையைக் கூட்ட எப்போதும் முடியும், குறைக்க முடியாது.

இப்போது போகாஷி, அதாவது சாயல் கரைத்தல். இதைக் கையருகில் வைத்துப் பார்ப்போம். ஒரு மலைமுகடு. மேல் ஓரம் தெளிவாக, அடிவாரம் பனியில் கரைந்து போக வேண்டும்.

தண்ணீர் ஹாகேயால் முகட்டுக்குக் கீழே உள்ள பகுதியை மட்டும் நனையுங்கள். முகட்டுக்கு மேலே ஈரம் போகக்கூடாது. உடனே மை வைக்காதீர்கள். குனிந்து, பட்டைச் சாய்வாகப் பாருங்கள். நீர் கண்ணாடியாகப் பளபளக்கும். சிறிது நேரத்தில் அந்தப் பளபளப்பு ஓரங்களிலிருந்து அடங்கி, பட்டு ஈரமாக, ஆனால் மங்கலாகத் தெரியும். அதுதான் நேரம். அதற்கு முன் வைத்தால் மை மிதந்து ஓடும், பின்னால் வைத்தால் வைத்த இடத்திலேயே ஓரம் கட்டும்.

ஒரே கையில் இரண்டு குமாதோரி தூரிகைகளைப் பிடித்துக்கொள்ளுங்கள், ஒன்றில் வெளிறிய மை, மற்றொன்றில் வெறும் நீர். மையால் முகட்டின் கோட்டை ஒட்டி இழுத்துவிட்டு, விரலிடுக்கில் தூரிகையை மாற்றி, நீர்த் தூரிகையால் அந்த மையின் கீழ் ஓரத்தைத் தொட்டுக் கீழே அழைத்து வாருங்கள். கடைசியில் உலர்ந்த ஹாகேயால், இறகு தடவும் அழுத்தத்தில், பக்கவாட்டில் இரண்டு முறை. இதைக் கராபாகே என்பார்கள். எங்கே மை முடிந்து எங்கே பட்டு தொடங்குகிறது என்று உங்களுக்கே சொல்லத் தெரியாமல் போனால் நன்றாக வந்திருக்கிறது.

அப்படியே விட்டுவிடுங்கள். பாதி காய்ந்த நிலையில் "இங்கே கொஞ்சம்" என்று தூரிகை வைத்தால், ஈரம் பின்வாங்கி, அலை வற்றிய கரை போல ஒரு நீர்க்கோடு விழும். கையைக் கட்டிக்கொண்டு உட்கார்வதும் இந்த வேலையின் ஒரு பகுதிதான்.

முதல் அடுக்கு காய்ந்ததும், "ஒன்றுமே தெரியவில்லையே" என்று தோன்றும். தோன்ற வேண்டும். மை காயும்போது வெளிறும், ஊடு தெரியும் பட்டில் இன்னும் வெளிறும். இதே வேலையை ஐந்து, ஆறு முறை செய்து கருமையை ஏற்றுங்கள். ஒரே அடுக்கில் அதே கருமையைப் பூசினால் தட்டையாக, தகரம் போல இருக்கும். ஆறு வெளிறிய அடுக்குகளில் ஏறிய கருமைக்குள் காற்று இருக்கும்.

ஒவ்வொரு அடுக்குக்கும் பிறகு பட்டுக்குப் பின்னால் ஒரு வெள்ளைத்தாளைப் பிடித்து, மூன்றடி தள்ளி நின்று பாருங்கள். ஓவியம் கடைசியில் வெள்ளைப் பின்தாளின் மேல்தான் இருக்கப்போகிறது. இருண்ட மேசையின் மேல் வைத்து மதிப்பிட்டு, போதவில்லை என்று கருமையைக் கூட்டியவர்கள் நிறையப் பேர்.

8. பாறை, மரம், புள்ளி

தூரம் முடிந்து ஒரு முழு நாள் கழித்து அருகுக்கு வாருங்கள். வரைவை மறுபடி அடியில் வையுங்கள். இனிப் பெரிய நீர்ப்பூச்சு இல்லை.

பாறையின் வெளிக்கோட்டை நடுத்தரக் கருமையில் போடுங்கள். பாறையின் தோலைக் காட்டும் உட்கோடுகளுக்கு ஷுன் என்று பெயர். பல வகை உண்டு. புதியவருக்கு இரண்டு போதும்: கோடரியால் வெட்டியதுபோல் தூரிகையின் பக்கத்தால் அடிப்பது கரடுமுரடான பாறைக்கு, சணல் நார் தொங்குவதுபோல் நீளக் கோடுகள் மண்மலைக்கு. ஒரே பாறையில் இரண்டையும் கலக்காதீர்கள்.

பட்டில் ஷுன் போடும்போது தூரிகையை நன்றாக வழித்துவிட வேண்டும். காகிதத்துக்குப் பழகிய கை தூரிகையை நிறைத்துக்கொண்டு வரும். பட்டு அதை உறிஞ்சாது, கோட்டின் முடிவில் குளம் கட்டும். குளம் காய்ந்தால் நடுவில் வெளுத்து ஓரத்தில் கறுத்த வளையமாக நிற்கும். உறிஞ்சுதாளில் ஒருமுறை ஒற்றிவிட்டுத் தொடங்குங்கள்.

பைன் மரத்துக்குத் தண்டு முதலில், பிறகு கிளை, கடைசியில் ஊசியிலை. இலையை மூன்று கருமைகளில் போடுங்கள், வெளிறியதைப் பின்னால், கருமையை முன்னால். படத்தின் மிகக் கறுத்த மையை ஒரே ஒரு இடத்துக்கு ஒதுக்கி வையுங்கள். நான் அதைப் பாறையும் தண்டும் சேரும் இடுக்கில் வைப்பேன். இரண்டு இடத்தில் வைத்தால் கண் அலையும்.

மை தவறி விழுந்தால் சில விநாடி உங்களுக்கு உண்டு. மேலே தேய்க்காதீர்கள். சுத்தமான ஈரத்தூரிகையால் மேலிருந்து தொட்டு, அதே நேரம் பின்பக்கம் உறிஞ்சுதாளை வைத்து ஒற்றுங்கள். காய்ந்துவிட்டதா, அதை ஒரு புதராக மாற்ற முடியுமா என்று யோசியுங்கள். சுரண்டினால் டோசா போய்விடும், அந்த இடம் அப்புறம் எந்த மையையும் ஒழுங்காக ஏற்காது.

9. பின்பக்கத்திலிருந்து

காகிதத்தில் கிடைக்காத ஒரு வசதி இது. சட்டத்தைத் திருப்பிப் போடுங்கள். பனி இன்னும் ஆழமாக வேண்டிய இடத்தில், தூரத்து மலையின் அடிவாரத்தில், பின்பக்கமாக வெளிறிய மையைப் போகாஷி செய்யுங்கள். முன்னால் நின்று பார்த்தால் அது நெசவின் இடுக்குகள் வழியே வருவதால், மேலே பூசியதைவிட ஒரு படி தள்ளி நிற்கும். முன்பக்கம் ஆறு அடுக்குக்கு மேல் ஏற்றினால் பட்டின் ஒளி செத்துவிடும். கூடுதல் கருமை வேண்டுமென்றால் பின்னால் போவதுதான் வழி.

இடவலம் மாறியிருக்கும் என்பதை நினைவில் வையுங்கள். மற்றபடி எல்லாம் 7ஆம் படியில் சொன்னதுதான், அடுக்கு மட்டும் இரண்டுக்கு மேல் வேண்டாம்.

10. கையெழுத்து, முத்திரை, பின்தாள்

கையெழுத்தைப் பட்டு சட்டத்தில் இறுக்கமாக இருக்கும்போதே போட வேண்டும், வெட்டியபின் பட்டு நழுவும். இடத்தை முன்பே வரைவில் குறித்திருந்தால் கலக்கம் இல்லை. முத்திரைக்கு அடியில் ஒரு தடித்த புத்தகத்தைச் சட்டத்துக்குள் பொருந்தும்படி வைத்து அழுத்துங்கள். தாங்கல் இல்லாமல் அழுத்திப் பட்டைக் கிழித்தவர்கள் உண்டு. சிவப்பு முத்திரைப் பசையில் எண்ணெய் இருக்கிறது. அது காயப் பல நாட்களாகும், அதுவரை எதுவும் அதன் மேல் படக்கூடாது.

பிறகு சட்டத்தோடேயே தூசி படாமல், நேர் வெயில் படாமல் மூன்று நான்கு வாரம் விட்டுவிடுங்கள். மையிலுள்ள பசை கெட்டிப்பட அந்த நேரம் வேண்டும். பின்தாள் ஒட்டும்போது பட்டு முழுவதும் நனையும். அவசரப்பட்டால் அன்று மை நகரும்.

பின்தாள் ஒட்டுவது ஹ்யோகுஷி என்னும் தனித் தொழிலாளரின் வேலை. முதல் ஓவியத்தை நீங்களே ஒட்ட முயலாதீர்கள். கொண்டுபோகும்போது சட்டத்திலிருந்து வெட்டாமல் கொடுங்கள், வெட்டும் அளவை அவரே தீர்மானிப்பார். மூன்று செய்திகளை மட்டும் சொல்லிவிடுங்கள்: எந்த மை, டோசாவில் படிகாரம் எவ்வளவு, பின்பக்கம் எந்த இடங்களில் மை இருக்கிறது. கடைசியாகச் சொன்னதை மறந்துவிடாதீர்கள். பின்பக்கப் பனியின் மேல்தான் அவர் தம் பசைத் தூரிகையை வைக்கப்போகிறார்.